நீலக்கரை சஹன்

அத்தியாயம் 11

சமையல் பந்தலுக்கும் விருந்துப் பந்தலுக்கும் நடுவே ஒரு முடுக்குச் சந்து இருந்தது. அந்த முடுக்கு நெடுகத் தெருப் பையன்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றிருந்தார்கள். ஒரு வரிசை வழியே நிறைந்த சஹன்கள் போயின. மறு வரிசை வழியே வெறும் சஹன்கள் வந்தன. யாரும் நடக்கவில்லை. கைகள்தான் நடந்தன.

காரைக்காலில் முஸ்லிம் வீட்டுக் கல்யாண விருந்து இப்படித்தான். நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறியும் தாளிச்சாவும் பச்சடியும் வைத்த பெரிய வட்டத் தட்டுதான் சஹன். அதைச் சுற்றி நாலு பேர் பாயில் உட்காருவார்கள். தன் முன்னால் இருக்கிற பாகத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பாகத்தை ஏறிட்டுப் பார்ப்பது மரியாதை இல்லை. தீரத் தீர மறுசஹன் வந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்தவராகப் பார்த்துக் கை கழுவுகிற வரையில் விருந்து வைத்தவர் நிறுத்தக் கூடாது.

கைருன்னிஸா சமையல் பந்தலின் ஓரத்தில், கீற்று மறைப்பை ஒட்டி நின்றாள். அவள் மகள் ஆஸியாவுக்கு இன்று கல்யாணம். பகல் விருந்து முடிந்து, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மேரியில், அதாவது நகரசபையில், பெயர் பதிந்தாகிவிட்டது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நாலு மாதம் ஆகியும் நகரசபைக் கட்டடத்தை ஊரில் யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கவில்லை.

ஆண்கள் இருக்கும் பந்தலுக்குள் அவள் போக முடியாது. போகிற சஹனைப் பார்க்கலாம். வருகிற சஹனைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

இன்றைக்கு அவள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு சஹனை.

ஒன்பது வருஷமாகச் சைகோனில் இருந்த அவள் கணவர் அப்துல் லத்தீப், மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு தோல்பெட்டியும் கழுத்தில் சுற்றிய மப்ளருமாக வந்து இறங்கினார். அந்த ஒன்பது வருஷமும் அவளையும் ஆஸியாவையும் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவளுடைய அண்ணன் மன்சூர் அலி. மாப்பிள்ளை தேடியது அவர். பேச்சு முடித்தது அவர். ஆனால் நிக்காஹில் பெண்ணைக் கொடுக்கும் இடம் பெற்ற தகப்பனுக்கு உரியது. லத்தீப் வந்தார், அந்த இடம் அவருக்குப் போயிற்று.

மன்சூர் அலி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது வேறொன்று.

லத்தீப் அவர் வீட்டில் ஒரு கவளம் சாப்பிடவில்லை.

வந்த மறுநாளே விருந்துக்குக் கூப்பிட்டார்கள். "வயிறு சரியில்லை மச்சான்" என்றார் லத்தீப். வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். அப்போதும் வயிறுதான். கல்யாணம் முடியும்வரை தங்கை தன் வீட்டில்தான் இருப்பாள் என்று மன்சூர் அலி சொல்லியிருந்ததால், லத்தீப் எதிரே பூட்டிக் கிடந்த சொந்த வீட்டைத் திறந்து தனியாக இருந்தார். கைருன்னிஸா வேளாவேளைக்கு அடுக்குச் சட்டியில் சோறு கொண்டுபோய் வைத்தாள். சட்டி அப்படியே திரும்பி வந்தது. அவர் கடைத்தெருவில் நீள ரொட்டி வாங்கி, தேநீரில் ஊறப்போட்டுக் குழைத்துக் குடிப்பதைத் தெருவே பார்த்தது.

"சைகோன்ல ஒருத்தி ஆக்கிப் போட்டிருப்பா. அந்த ருசி நாக்குல ஒட்டிக்கிச்சு" என்றது தெரு.

"என் வீட்டுச் சோறு அவனுக்கு ஹராமா?" என்று மன்சூர் அலி கேட்டார்.

கடைசியில் ஜமாஅத் தலைவர் முகைதீன் பிச்சை நடுவில் புகுந்தார். விருந்தில் இரண்டு பேரும் ஒரே சஹனில் உட்கார வேண்டும் என்று சொல்லி இருவரையும் தலையாட்ட வைத்தார். ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிட்டு எழுந்தவர்கள் பழைய மனத்தாங்கலை மறுபடி வாயில் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் ஜமாஅத்தின் வழக்கம். தன் பாகத்தைத் தொடாமல் ஒருவர் எழுந்துவிட்டால், அதன் அர்த்தமும் எல்லாருக்கும் தெரியும்.

இன்று காலை மன்சூர் அலி தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கைருனு, உனக்காகத்தான் உக்காருறேன். அவன் தின்னுட்டான்னா இதோட எல்லாம் தீந்துச்சு. நாளைக்கே உன் சாமானை நானே தூக்கியாந்து அவன் வீட்ல வைக்கிறேன்."

"தின்னுடுவாங்க நானா."

"தின்னலைன்னா?"

அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டாள்.

"தின்னலைன்னா நான் பந்தலை விட்டு எறங்கிடுவேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என் மொகத்துக்காகச் சம்மதிச்சவங்க. நான் இல்லாத பந்தல்ல அவங்க ஒக்காந்திருக்க மாட்டாங்க. மெரட்டல் இல்லம்மா இது. நடக்கப் போறதைச் சொல்றேன்."

அதிலிருந்து கைருன்னிஸா சமையல் பந்தலை விட்டு நகரவில்லை.

*

"பண்டாரியாரே, அந்த நீலக்கரை போட்டது எங்க?"

தலைமைச் சமையல்காரர் நூகு பண்டாரி அகப்பையால் காட்டினார். வெள்ளைப் பீங்கான் தட்டு, விளிம்பில் விரல் அகலத்துக்கு நீலக் கரை. சைகோன் போன முதல் வருஷம் லத்தீப் அனுப்பியது. ஊருக்கு ஒரு தடவை வந்திருந்தபோது இருவரும் அதில் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். கிராம்பையும் பட்டையையும் ஏலக்காயையும் அவர் பொறுக்கி எடுத்து விளிம்பில் வரிசையாக அடுக்கி வைப்பார். "எறும்பு ஊர்கோலம்" என்று அவள் கேலி செய்வாள். பிறகு ஊருக்கு வருவது நின்றது. சாமான் வருவதும் நின்றது. தட்டு மட்டும் பரணில் கிடந்தது.

"இது மொதப் பாய்க்குப் போவணும். நானாவும் அவங்களும் ஒக்காருற பாய்."

"எத்தினி வாட்டிம்மா சொல்லுவே? இன்னும் ஒரு வாட்டி சொன்னே, தட்டோட ஒன்னையும் தூக்கி வரிசையில அனுப்பிடுவேன்."

வரிசையின் முதல் ஆளான சேக் பரீது சிரித்தான். பக்கத்து வீட்டுப் பையன். சஹனை வாங்கி அடுத்த கைக்குத் தள்ளுவதோடு, பந்தலில் நடப்பதை வாயிலிருந்து வாய்க்கு வாங்கி இந்தப் பக்கம் சொல்வதும் அவன் வேலையாகியிருந்தது.

"மாமி, கவலப்படாதீங்க. வழியில எவனாச்சும் எடுத்தான்னா கையை ஒடிச்சிடுவேன்."

மாப்பிள்ளையின் தாயார் சுல்தான் பீவி வாசனை பிடித்துக்கொண்டு வந்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர். எதிலும் ஒரு கண். மகனுக்குப் போலகம் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்துப் போய், தட்டும் மாற்றிக்கொண்ட பிறகு, பெண்ணின் சித்தப்பா ராவெல்லாம் இருமுகிறார் என்று காதில் விழுந்த அன்றே தட்டைத் திருப்பி அனுப்பியவர். 'ரத்தத்தில் நோய் இருக்கிற வீடு வேண்டாம்' என்று அவர் சொன்னது ஊர் தாண்டிப் பரவியிருந்தது.

"என்ன சம்பந்தி, நெய்யி கொஞ்சம் கம்மியாத் தெரியுது?"

"வரிச்சிக்குடி நெய்யிங்க. பண்டாரியார் தாராளமாத்தான் ஊத்தியிருக்காரு."

"இருக்கட்டும் இருக்கட்டும். ஒங்க வூட்டுக்காரரு ஒடம்பு தேவலையா? மெலிஞ்சு தெரியறாரே?"

"கப்பல் அலுப்புங்க."

"கப்பல் விட்டு எறங்கி மூணு வாரமாச்சே" என்று சொல்லிவிட்டு சுல்தான் பீவி பச்சடிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்கப் போனார்.

நூகு பண்டாரி நீலக்கரை சஹனில் சோற்றைக் கொட்டினார். கடலையளவுக் கறித்துண்டு வைப்பவர் அல்ல அவர். நாலு பக்கமும் நாலு பெரிய துண்டு, எலும்போடு. கைருன்னிஸா ஒரு பக்கத்தில் நல்ல ஈரல் துண்டு ஒன்றைத் தன் கையால் வைத்தாள். யார் பக்கம் திரும்புமோ, தெரியாது.

"போவட்டும்!" என்றார் பண்டாரி.

சேக் பரீது வாங்கினான். அடுத்த கை. அதற்கடுத்த கை. முடுக்கின் திருப்பத்தில் நீலக்கரை ஒரு தரம் மின்னி மறைந்தது.

"ஒக்காந்துட்டாங்க மாமி! மச்சானும் மச்சானும் பக்கத்துல பக்கத்துல. எதுத்தாப்புல சம்பந்தியாரும் தலைவரும்."

கைருன்னிஸா கீற்று மறைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பிஸ்மி சொல்லிட்டாங்க."

"அவங்க கை வச்சுட்டாங்களா பரீது? நல்லாக் கேளு."

கேள்வி வாய் மாறிப் போயிற்று. பதில் வாய் மாறி வந்தது.

"வச்சுட்டாருங்குறாங்க. கையி வாய்க்குப் போவுதாம்."

அவள் அண்ணன் மனைவி கமர் நிஷா பின்னால் வந்து அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "அல்லா கண்ணத் தொறந்துட்டான் கைருனு. இனி நீ போய் ஒன் புள்ளைக்கு மருதோணி காஞ்சிருச்சான்னு பாரு."

"தட்டு வரட்டும் மச்சி. வந்ததும் போறேன்."

*

தட்டுகள் வந்தன. வந்த தட்டுகளைக் கிணற்றடியில் காசியம்மா வாங்கி, எலும்பைக் கூடையில் தட்டி, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, அலசிக் கவிழ்த்தாள். கவிழ்த்த தட்டுகள் காய்வதற்குள் மறுபடி சோறு வாங்கிக்கொண்டு வரிசையில் போயின. சில தட்டு மூன்றாம் தரம் சுற்றிக்கொண்டிருந்தது. தெரியாதவர் பார்த்தால் ஊரே ஒரு வாயாக இருந்து தின்கிறது என்று நினைப்பார்.

நீலக்கரை வந்தது.

தேய்க்கப் போன காசியம்மாவின் கையைக் கைருன்னிஸா பிடித்தாள்.

"இத வை. நான் பாக்கணும்."

"எச்சித் தட்டுலம்மா பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

மூன்று பக்கமும் பீங்கானின் வெள்ளை தெரியும்படி வழித்துத் தின்றிருந்தது. நாலாவது பக்கத்தில் சோறு மலைச்சரிவு மாதிரி நின்றது.

நானா. கைருன்னிஸாவுக்கு முதலில் அண்ணன் முகம்தான் வந்தது. கடைசி நிமிஷத்தில் வீம்பு ஜெயித்துவிட்டது. உனக்காக உட்காருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்திருக்கிறார்.

பிறகு விளிம்பைப் பார்த்தாள்.

சோறு நின்ற பக்கத்து நீலக்கரையின் மேல் கிராம்பு, கிராம்பு, ஒரு துண்டு பட்டை, ஏலக்காய், மறுபடி கிராம்பு. வரிசையாக.

அவள் குனிந்தாள். தொடாத சோறு அல்ல அது. கிளறியிருந்தது. பிசைந்திருந்தது. சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, வாய்வரை போய், மறுபடி சோற்றுக்குள் ஒளித்து வைத்த மாதிரி இருந்தது. எலும்பை விரலால் நகர்த்தினாள். அதற்கடியில் மென்ற கறி இருந்தது. சாரம் போகும்வரை மென்று, நாராகி, விழுங்க முடியாமல் எடுத்து வைத்த கறி. ஒன்றன்மேல் ஒன்றாக. மேலாக இருந்ததில் ஒரு சிவப்பு ஒட்டியிருந்தது. அது குழம்பின் சிவப்பு இல்லை.

கைருன்னிஸா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரமும் அவள் கண்முன்னால் வந்து போயிற்று. மாசி வெயிலில் கழுத்தை விட்டு இறங்காத மப்ளர். "கடக்காத்து ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்ட கம்மல் குரல். தேநீரை வாயில் வைத்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மிடறுக்கு அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது. தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்புகிறார் என்று அவள் நினைத்தாள்.

ஒருநாள் சட்டியை எடுக்கும்போது கேட்டே விட்டாள். "அவ நல்லா ஆக்குவாளா?"

லத்தீப் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "ஒன் ஆக்கம் மாதிரி எங்கயும் இல்ல" என்றார்.

எகத்தாளம் என்று எடுத்துக்கொண்டு அவள் சட்டியை டங்கென்று மூடிவிட்டு வந்தாள்.

இந்த மனிதர் சாப்பிடாமல் இல்லை. சாப்பிட முடியாமல் இருக்கிறார். எதையோ தொண்டையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மகளைக் கொடுக்கிற வரையில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அதை மப்ளருக்குள் மூடி வைத்திருக்கிறார். இன்றைக்கு நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய், மென்று, மறுபடி கைக்குள் எடுத்து...

"மாமி!" சேக் பரீதுவின் குரல் மாறியிருந்தது. "அங்க ஏதோ சத்தம்."

"என்ன சத்தம்?"

"ஒங்க வூட்டுக்காரரு திங்கவே இல்லைன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். தின்னாருன்னு தலைவரு சொல்றாரு. இல்லவே இல்லைன்னு ஒங்க நானா எந்திரிச்சுட்டாரு. தட்டைப் பாத்துட்டு வந்து பேசுறேன்னுட்டு இங்கதான் வர்றாரு."

முடுக்கில் ஆட்கள் விலகும் சத்தம் கேட்டது.

சொல்லிவிடலாமா? நானா, அவருக்கு முடியவில்லை, தொண்டையில் ஏதோ, பாருங்கள் என்று தட்டைக் காட்டலாம். அண்ணன் அழுதுவிடுவார். இன்றைக்கே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார். அப்படிப்பட்டவர்தான்.

ஆனால் பச்சடிப் பாத்திரத்தருகே சுல்தான் பீவி நின்றுகொண்டிருந்தார். எட்டடி தூரம் இருக்காது.

கைருன்னிஸா எலும்புக்கடியில் இருந்ததை ஒரு வாழையிலைக் கிழிசலில் திரட்டி, காசியம்மாவின் சாம்பல் குழிக்குள் போட்டுக் காலால் மூடினாள். கிராம்பையும் பட்டையையும் வழித்து மடியில் போட்டாள். பிறகு தட்டின் முன்னால் மண்டியிட்டு, கணவரின் பாகத்திலிருந்து சோற்றை அள்ளி வாயில் திணித்தாள்.

மெல்ல நேரமில்லை. நெய்ச்சோறு ஆறி மெழுகாக இருந்தது. விழுங்கினாள். அள்ளினாள். விழுங்கினாள். எலும்பிலிருந்து கறியைப் பல்லால் இழுத்தாள். கண்ணில் நீர் முட்டியது. கணவரோடு ஒரே சஹனில் சாப்பிட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்குச் சாப்பிடுகிறாள், அவர் இல்லாமல்.

காசியம்மா கையில் நாரோடு வாயைப் பிளந்து நின்றாள்.

"என்னாது இது?" சுல்தான் பீவியின் குரல். "சம்பந்தியம்மா! பொம்பளைங்க பந்தி இன்னும் வெக்கல. மாப்பிள்ளை வூட்டுப் பொம்பளைங்க பசியோட ஒக்காந்திருக்காங்க. பொண்ணைப் பெத்தவ ஆம்பிளைங்க எச்சியைக் கிணத்தடியில ஒக்காந்து வழிச்சுத் திங்கிறீங்க?"

கைருன்னிஸாவின் வாய் நிறைந்திருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. அது ஒரு வகையில் நல்லதாயிற்று.

"காலைலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படலங்க அவளுக்கு" என்று கமர் நிஷா ஓடிவந்தாள். அவளுக்கே முகம் சிவந்திருந்தது. "மயக்கம் வந்திருக்கும்."

"மயக்கத்துக்கு இம்மாம் பெரிய கவளமா?" என்று சுல்தான் பீவி சிரித்தார். பின்னால் நின்ற பட்டினத்துப் பெண்களும் சிரித்தார்கள்.

மன்சூர் அலி மறைப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"எங்க அந்தத் தட்டு?"

கைருன்னிஸா தட்டைக் காட்டினாள். நாலு பக்கமும் வெள்ளை தெரிந்தது.

அவர் குனிந்து பார்த்தார். தட்டைப் பார்த்தார், தங்கையின் கையைப் பார்த்தார். விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"நீ என்ன செய்யிறே?"

"ஒங்க தங்கச்சிக்குப் பசியாம்" என்றார் சுல்தான் பீவி. "மிச்சத்தை வழிச்சு முடிச்சிட்டாங்க."

மன்சூர் அலியின் கண்கள் சுருங்கின. "யாரு பக்கத்து மிச்சம்?"

அடுப்பில் விறகு வெடித்தது. நூகு பண்டாரிகூட அகப்பையை நிறுத்திவிட்டார்.

"ஒங்க பக்கத்துதான் நானா" என்றாள் கைருன்னிஸா. "ஒங்க பக்கத்துல ஒரு கை சோறு கெடந்துச்சு. வேற மூணு பக்கமும் வெறும் தட்டாத்தான் வந்துச்சு."

"நான் மிச்சம் வைக்கிற ஆளா?"

"வச்சிருந்தீங்க நானா."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். நின்று யோசித்தார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்குவதை அவள் பார்த்தாள்.

"இருக்கும்" என்றார் மெதுவாக. "இருக்கும். பக்கத்துல அவன் ஒக்காந்திருந்தானா... எனக்குத் தொண்டையில சோறு எறங்கல. என்ன தின்னேன்னே தெரியல கைருனு."

அவர் தட்டை மறுபடி பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தின்னுருக்கான். என் சோத்தைத் தின்னுருக்கான். நான்தான் சைத்தான் புடிச்ச மாதிரி நாலு பேரு முன்னால எந்திரிச்சுக் கத்திட்டு வந்துட்டேன்."

"போனாப் போவுது நானா. போய் அவங்க கையைப் புடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"வார்த்தையா? வார்த்தை என்ன வார்த்தை?" அவர் முகம் மலர்ந்தது. "காசியம்மா, இந்தத் தட்டைக் கழுவு. பண்டாரியாரே! இதே தட்டுல மறுசஹன் போடுங்க. ரெண்டு பேருக்கு மட்டும். எனக்கும் எம் மச்சானுக்கும்."

"வேணாம் நானா. அவங்க ஒரு பந்தி தின்னவங்க."

"அது என் கோவத்துக்குத் தின்னது. இது என் சந்தோஷத்துக்கு."

"அஸருக்கு நேரமாச்சு நானா. பாங்கு சொல்லிடுவாங்க."

"சொல்லட்டும். இன்னிக்கு இந்தப் பந்தல்ல யாரு வாயிலயும் போதும்ங்குற சொல்லு வரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே மன்சூர் அலி முடுக்குக்குள் நுழைந்துவிட்டார். வழியெல்லாம் பையன்களின் முதுகில் தட்டிக்கொண்டு போனார். சிரிப்புச் சத்தம் அவரோடு கூடவே போயிற்று.

காசியம்மா தட்டை அலசினாள். நீலக்கரை பளிச்சென்று ஆயிற்று.

கைருன்னிஸா பண்டாரியின் பக்கத்தில் போய் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பண்டாரியாரே, இதுல கறி வேணாம். பாலை ஊத்தி, சோத்தை நல்லாக் குழைச்சு, சீனி போட்டு..."

"மாப்பிள்ளை வூட்டு ஆளுங்க மொகத்துக்கு முன்னால மச்சானுக்கும் மச்சானுக்கும் பால்சோறா?" பண்டாரி உரக்கவே சிரித்தார். "நானு இந்தத் தொழில்ல இருக்கவா, பொறப்படவா? நீ போம்மா. பசியில ஒனக்கு என்ன பேசுறோம்னே தெரியல."

சுல்தான் பீவி திரும்பிப் பார்த்தார். கைருன்னிஸா வாயை மூடிக்கொண்டாள்.

சோறு குவிந்தது. அதன் மேல் கறி. ஒரு பெரிய நல்லி எலும்பு. அடிச்சட்டியிலிருந்து தேடி எடுத்த கொழுப்புத் துண்டு. பண்டாரி மனசாரப் போட்டார்.

"போவட்டும்!"

சேக் பரீது கையை நீட்டினான். கைருன்னிஸாவின் கை அவனுக்கு முன்னால் விளிம்பைப் பிடித்திருந்தது.

"வுடுங்க மாமி. சுடுது."

"பரீது..."

"மாமி, பின்னால தட்டு நிக்கிது."

அவள் விட்டாள். என்ன சொல்லிப் பிடித்து வைப்பது? தட்டு அவன் கைக்குப் போயிற்று. அடுத்த கை. அதற்கடுத்த கை. திருப்பத்தில் நீலக்கரை மின்னியது.

கமர் நிஷா அவளைக் கிணற்றடிக் கல்லில் உட்கார வைத்தாள். "ஏன்டி மொகத்தை இப்படி வச்சிருக்கே? நல்ல காரியம்தானே நடக்குது."

"ஆமா மச்சி."

சேக் பரீது கழுத்தை நீட்டி முடுக்குக்குள் காது கொடுத்தான். முகமெல்லாம் பல்லாக இந்தப் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்களாம் மாமி!"

பெண்கள் பக்கம் ஒரு குலவைச் சத்தம் எழுந்தது.

"ஒக்காந்துட்டாங்க. பந்தலே எந்திரிச்சு நின்னு பாக்குதாம். ஒங்க வூட்டுக்காரரு சிரிக்கிறாராம்."

கைருன்னிஸா மடியில் கையை விட்டாள். கிராம்பு விரலில் பட்டது.

"ஒங்க நானா மொதக் கவளத்தைப் பிசைஞ்சு எடுத்துட்டாராம்..." சேக் பரீது அடுத்த வாயிலிருந்து வருவதற்காகக் காத்தான். வந்ததும் கை தட்டினான். "அவரே ஊட்டி வுடுறாராம் மாமி! வாயத் தொறங்க மச்சான்னு சொல்லி, தன் கையால ஊட்டுறாராம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சுல்தான் பீவிகூடச் சிரித்தார். கைருன்னிஸா இரண்டு கையாலும் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தின்னுட்டாரா?" என்று கமர் நிஷா கேட்டாள்.

"இருங்க, கேக்குறேன்."

அவன் கேட்டான். கேள்வி வரிசை வழியே போயிற்று. நூகு பண்டாரி இன்னொரு சஹனை நிறைத்து நீட்டினார். சேக் பரீது அதை வாங்கி அடுத்த ஆளிடம் நீட்டினான்.

அடுத்த ஆள் வாங்கவில்லை. அவன் பந்தல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். அவனுக்கு அடுத்தவனும் அப்படியே. முடுக்கு நெடுகக் கைகள் பாதியில் நின்றிருந்தன. போகிற தட்டும் போகவில்லை, வருகிற தட்டும் வரவில்லை.

"டேய், என்னடா?" என்றான் சேக் பரீது.

பந்தலுக்குள்ளிருந்து ஒருவர் மூச்சு முட்ட இருமும் சத்தம் மட்டும் வந்தது. அவன் கையிலிருந்த சோற்றிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.